ஒரு வருஷம், ஒரு ஏரி: பெங்களூரில் எந்தக் கரையில் நிற்பது?

அக்கா மகள் போன மாதம் ஒரு கேமரா வாங்கினாள். வாங்கிய அன்று ராத்திரியே போன். "மாமா, ஒரு வருஷம் பூரா ஒரே ஏரியை எடுக்கப்போறேன். பனி, மழை, பண்டிகை, மீன் பிடிக்கிறவங்க, எல்லாம் வரணும். எந்த ஏரின்னு நீங்களே சொல்லுங்க."

அல்சூர் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. நான் காக்ஸ் டவுனில் வளர்ந்தவன். ஏரி என்று யார் சொன்னாலும் என் கண்ணில் வருவது அல்சூர் ஏரிதான். ஆனால் அவள் குடியிருப்பது தணிசந்திராவில், வேலை மான்யதா டெக் பார்க்கில். விடியுமுன் எழுந்து அல்சூருக்கு வா என்றால் முதல் மாதம் வருவாள், இரண்டாம் மாதம் வருவாள், அதற்குப் பிறகு தூக்கம்தான் ஜெயிக்கும். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். அந்த நாளை மூன்று வாரமாக நீண்டது. அதற்குள் நான்கு ஏரிகளை மறுபடி காலையும் மாலையுமாகப் போய்ப் பார்த்தேன். அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதியே வைக்கிறேன். இதே கேள்வியோடு இந்த ஊரில் இன்னும் பல தமிழ்ப் பிள்ளைகள் கேமராவும் கையுமாக இருக்கிறார்கள்.

ஏரியைப் பார்க்கும்முன் ஒரு விஷயம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே, பெரிய ஆறு எதுவும் ஓடாத மேட்டில் உட்கார்ந்திருக்கும் ஊர். இங்குள்ள ஏரிகள் மனிதர் கட்டியவை. பள்ளத்தின் குறுக்கே மண்கரை போட்டு மழைத்தண்ணீரை மறிப்பது, ஒன்று நிரம்பினால் மிச்சம் அடுத்ததற்குப் போவது என்று சங்கிலியாகக் கோத்த ஏரிகள். செங்கல்பட்டிலும் காஞ்சிபுரத்திலும் நம்மவர்கள் செய்ததும் இதே வேலைதான். சொற்கள்கூட அப்படியே இருக்கின்றன. கன்னடத்தில் மதகுக்குத் தூபு என்று பெயர், நம் பழைய சொல் தூம்பு. உபரித் தண்ணீர் வழிகிற இடம் அவர்களுக்குக் கோடி, வடஆர்க்காட்டுக்காரர்களுக்கும் அது ஏரிக்கோடிதான்.

படம் எடுப்பவருக்கு இதைத் தெரிந்துகொள்வதால் ஒரு நேரடிப் பயன் உண்டு. கட்டின ஏரிக்கு உறுப்புகள் உண்டு, மனிதர்கள் அந்தந்த உறுப்பைச் சுற்றித்தான் கூடுவார்கள். கரைமேல் நடைக்காரர்கள். ஆழமான பக்கத்தில் வலை போடுகிறவர்கள். தண்ணீர் உள்ளே நுழையும் சதுப்பில் புல் அறுப்பவர்களும் கீரை பறிப்பவர்களும். கரையோரம் எங்காவது ஒரு அம்மன் கோயில், ஒரு அரசமரம், கீழே நாகர் கற்கள். முதல் நாள் போனதும் கேமராவை உறையிலேயே வைத்துக்கொண்டு இவை எங்கெங்கே இருக்கின்றன என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டால், அடுத்த பன்னிரண்டு மாதத்துக்கு எங்கே நிற்பது என்பதில் பாதி முடிந்துவிடும்.

ஆக அழகை வைத்து ஏரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கட்சி. சூரியன் எழும்போது எந்த ஏரியும் அழகாகத்தான் இருக்கிறது. நான் மூன்று கேள்விகள் கேட்பேன். வாரம் ஒருமுறை அலுப்பில்லாமல் போய்வர முடியுமா? நடைப்பயிற்சி தவிர அங்கே வேறு ஏதாவது வேலை, ஏதாவது வழிபாடு நடக்கிறதா? போன மாதம் எடுத்த முகத்தை இந்த மாதம் தேடிப் போய், பிரிண்ட் போட்ட படத்தைக் கையில் கொடுக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வரும் ஏரியே உங்கள் ஏரி.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. பல வருஷம் முன்பு ஒரு ஏரிச் சதுப்பில் புல்லுக்கட்டு தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண்ணை, எதிர்க்கரையில் இருந்து 300 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தேன். ஒளி அருமை, பின்னால் பனி, தலையில் பச்சைக் கட்டு. நாலாவது சொடுக்கில் அவர் என்னைப் பார்த்துவிட்டார். முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு வேகமாக நடந்தார். அந்தப் படங்களை அன்றே அழித்தேன். அந்தக் காலைப்பொழுது அவருக்குக் கெட்டது கெட்டதுதான். அதன்பிறகு மனிதரை எடுப்பதென்றால் 50 மில்லிமீட்டர்தான். அந்த லென்ஸில் முகம் எடுக்க வேண்டுமானால் பேசும் தூரத்துக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.

அல்சூர்

ஹலசு என்றால் கன்னடத்தில் பலா. பலாத் தோப்பு இருந்த ஊர் ஹலசூரு ஆனது, வெள்ளைக்காரன் நாக்கில் அல்சூர் ஆனது, நமக்கும் அதுவே நின்றுவிட்டது. சுமார் 50 ஹெக்டேர் தண்ணீர், நடுவே மரம் அடர்ந்த திட்டுகள். ஒரு பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று நாம் சொல்லும் இராணுவப் பொறியாளர் படையின் இடம், கென்சிங்டன் ரோட்டில் குருத்வாரா, கொஞ்சம் உள்ளே போனால் பழைய சோமேசுவரர் கோயில், தமிழ்ச் சங்கம். ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை, கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் பதினெட்டு வருஷம் சாக்குக்குள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்ட கதை இந்தப் பக்கத்துத் தமிழர் எல்லோருக்கும் தெரியும். அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறந்தார்கள். தை மாதம் வள்ளுவர் நாளில் சிலைக்கு மாலை போட வருகிற கூட்டத்தை எடுங்கள். வேட்டி கட்டிய பெரியவர்கள், பள்ளிச் சீருடையில் குறள் சொல்ல வந்த பிள்ளைகள், பின்னணியில் தண்ணீர். இந்த ஊரில் வேறெந்த ஏரிக்கரையிலும் இந்தப் படம் கிடைக்காது.

அல்சூரின் பலம் அதன் காலண்டர். ஆடிக் கிருத்திகைக்கு முருகன் கோயிலை நோக்கிக் காவடி போகும். ஆகஸ்ட் 29க்குப் பிறகு காவி உடுத்திய மாதா பக்தர்கள் சிவாஜிநகர் பசிலிக்காவுக்கு நடக்கத் தொடங்குவார்கள், செப்டம்பர் 8 வரை அது ஓயாது. அதை ஒட்டியே பிள்ளையார் சதுர்த்தி வந்துவிடும். கௌரியும் பிள்ளையாருமாக வீட்டுச் சிலைகளை மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று கொண்டுவந்து கரைப்பார்கள், தெருச் சங்கங்களின் பெரிய சிலைகள் அதற்குப் பிறகு வரும். கரைப்பது ஏரியில் இல்லை, பக்கத்தில் கட்டியிருக்கும் கல்யாணி என்ற குளத்தில். பெரிய சிலைகளைக் கிரேன் தூக்கி இறக்கும். தமட்டை அதிர, டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும்.

கூட்டத்தையும் கிரேனையும் எல்லோரும் எடுப்பார்கள். நான் சொல்வது அதற்கு அரைமணி முன்னால் நடப்பதை. சிலையைத் தண்ணீருக்குக் கொடுக்கும்முன் குடும்பத்தோடு தரையில் உட்கார்ந்து கடைசி ஆரத்தி காட்டுவார்கள். அப்பா கற்பூரம் ஏற்ற, பெரிய பிள்ளை அருகம்புல்லை எடுத்துப் பத்திரப்படுத்த, சின்னது "வேணாம், வீட்டுக்கே கொண்டுபோலாம்" என்று அழும். அந்த அழுகையை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன். குனிந்து உட்கார்ந்து, கேட்டுவிட்டு எடுங்கள். இங்கே நமக்குள்ள பெரிய வசதி மொழி. பூக்காரம்மா, பொரிகடலை வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன், பாதிப் பேருக்கு மேல் தமிழில் பேசுவார்கள். ஒருமுறை பூக்கட்டும் ஒரு அம்மாவைக் கேட்டேன், "அம்மா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" அவர் கையை நிறுத்தாமலே சொன்னார்: "எடுப்பா, ஆனா என்னை மட்டும் எடுக்காத, சாமியையும் சேத்து எடு." அந்த ஒரு வரியில் எனக்குப் பிரேமும் கிடைத்துவிட்டது, பேச்சுத் துணையும் கிடைத்துவிட்டது.

குறைகளும் சொல்ல வேண்டும். அல்சூரில் தண்ணீரோடு தொட்டுப் பழகும் அன்றாட வேலை அருகிவிட்டது. சுற்றிலும் வேலி, வேலிக்கு வெளியே ரோடு. கோடையில் பாசி கட்டிப் பச்சைக் குழம்பாகி நாறும். 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் மீன் செத்து மிதந்தது. அதையும் எடுக்கத்தான் வேண்டும், எடுத்தவர்கள் எடுத்தார்கள். ஆனால் பண்டிகை இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமையில், வாராவாரம் புதிதாக ஏதோ ஒன்று கொடுக்கும் ஏரி அது இல்லை. இராணுவ இடத்தை நோக்கிக் கேமராவைத் திருப்பவும் கூடாது. வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் அல்சூருக்கு ஈடு இல்லை. மிச்ச நாளுக்கு வேறு கரை பார்க்க வேண்டும்.

ஜக்கூர்

பெல்லாரி ரோட்டில் ஹெப்பாள் தாண்டி வடக்கே போய் உள்ளே திரும்பினால் ஜக்கூர். ஏறக்குறைய 160 ஏக்கர். எலகங்கா பக்கத்து ஏரிகளில் இருந்து வந்து, ஜக்கூரில் தேங்கி, ராச்சேனஹள்ளி ஏரிக்குப் போகிற சங்கிலியில் இது ஒரு கண்ணி. மேல்முனையில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வரும் தண்ணீர், கோரையும் சம்பும் வளர்ந்த சதுப்பு வழியாக மெல்ல ஊர்ந்து ஏரிக்குள் சேரும். வேர்களும் வண்டலும் மிச்ச சத்துகளைப் பிடித்துக்கொள்ள, உள்ளே வரும்போது தண்ணீர் ஓரளவு தெளிந்துவிடும். கோடையில் மற்ற ஏரிகள் சுருங்கும்போதும் ஜக்கூரில் தண்ணீர் நிற்பதற்கு இந்த வரத்துதான் காரணம். வருஷம் முழுக்கத் தண்ணீர் என்றால் வருஷம் முழுக்க வேலை உண்டு. நமக்கு வேண்டியது அதுதானே.

விடியலில் மீன்காரர்கள் தெப்பத்தில் போய் இரவு விரித்த வலையைச் சுருட்டுவார்கள். கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை. கரையில் தராசு வைத்து அங்கேயே விற்பனை, வாங்க வரும் வீட்டுக்காரர்கள் கையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரம். வெயில் ஏறியதும் சதுப்புப் பக்கம் அரிவாளோடு பெண்கள் இறங்குவார்கள், மாட்டுக்குப் புல். கூடவே மடியில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் சேரும். கன்னடத்தில் ஹொன்னகொன்னே, ஒந்தெலக. பெயர் தெரிந்து கேட்டால் முகம் மலரும். நான் கேட்டதற்கு ஒரு பாட்டி ஒரு கைப்பிடி வல்லாரையைப் பிடுங்கிக் கையில் வைத்து, துவையல் எப்படி அரைப்பது என்று கால்மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அவர் எந்த மொழியில் பேசினார் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். பாதி கன்னடம், பாதி தெலுங்கு, நடுநடுவே எனக்காகத் தமிழ்.

காட்சி என்று பார்த்தாலும் ஜக்கூர் சோடை போகாது. டிசம்பர், ஜனவரியில் ராத்திரி 15, 16 டிகிரிக்கு இறங்கும்போது காற்றைவிடத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். விடியலில் ஏரிமேல் ஆவி எழுந்து தவழும். ஜனவரி நடுவில் சூரியன் வருவது 6.45 வாக்கில், அதனால் ஆறே காலுக்குக் கரையில் இருந்தால் போதும். சூரியன் வந்த பிறகு அரைமணி, முக்கால்மணியில் அந்த ஆவி கலைந்துவிடும். அதற்குள் வலை சுருட்டும் தெப்பம் ஒன்று எதிர்வெயிலில் வந்துவிட்டால் அந்த மாதத்துக்கு அது போதும். மே கடைசியில் சூரியன் ஆறுக்கு முன்பே வந்துவிடும், தூக்கத்தைத் தியாகம் செய்ய மனம் வராதவர்கள் பனிக்காலத்தில் தொடங்குவது நல்லது. கூழைக்கடாக்கள் கூட்டமாக மீன் மடக்குவதும், நீர்க்காகங்கள் பட்டமரத்தில் சிறகு விரித்து உலர்த்துவதும் இங்கே அடிக்கடி கிடைக்கும். கூழைக்கடாவின் வெள்ளை வெயிலில் வெளிறிப்போகும், அரை ஸ்டாப்பாவது எக்ஸ்போஷரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரோன் ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பக்கத்திலேயே ஜக்கூர் விமானப் பயிற்சித் திடல், சற்று வடக்கே எலகங்கா விமானப்படைத் தளம். ட்ரோனை மறந்துவிடுங்கள். அதற்கு ஈடாக, ஒற்றைப்படை ஆண்டுகளில் பிப்ரவரியில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் வாரம் போர்விமானங்கள் தலைக்குமேல் கோடு கிழிக்கும். சத்தம் கேட்டதும் புல்லுக்கட்டோடு அண்ணாந்து பார்க்கும் முகங்களை நோக்கிக் கேமராவை வையுங்கள், வானத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

மழை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெங்களூரில் ஜூனில் தொடங்கும் மழை உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில். ஏரி நிரம்பிக் கோடி விழுந்தால், கிராமத்துப் பழக்கம் விடாத குடும்பங்கள் பாகினம் கொடுக்க வருவார்கள். மூங்கில் முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத் துணி, தானியம், தேங்காய் வைத்து, இன்னொரு முறத்தால் மூடி, கங்கம்மாவுக்கு என்று தண்ணீரில் விடுவது. நமக்கு ஆடிப்பெருக்கில் காதோலை கருகமணி விடும் நினைவு வரும். முறத்தின் மேல் இருக்கும் கைகளை மட்டும் எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. மூன்று தலைமுறைக் கைகள். ஒரு மாலை பூரா நின்றதற்கு அந்த ஒன்று.

அதே முறம் இன்னொரு பண்டிகையில் மறுபடி வரும். தீபாவளி அமாவாசைக்குப் பிறகு ஆறாம் நாள் மாலையும் மறுநாள் விடியலும் பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசத்துக் குடும்பங்கள் சட் பூஜைக்கு நீர்நிலைக்கு வருவார்கள். வட பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பவர்களும் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர்களும் ஒரே படித்துறையில் நிற்கும் நாள் அது. மூக்கில் தொடங்கி வகிடு வரை இழுத்த செந்தூரம், கரும்புப் பந்தல், முறத்தில் பழங்களும் தேகுவா என்ற கோதுமைப் பணியாரமும். முதல் மாலை இறங்கும் சூரியனுக்கு, மறுநாள் எழும் சூரியனுக்கு. முப்பத்தாறு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காத பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார்கள். இங்கே நீள லென்ஸைத் தொடவே வேண்டாம். ஈரத்தில், விரதக் களைப்பில் நிற்பவரைத் தூரத்திலிருந்து இழுத்து எடுப்பது எனக்குத் தவறாகப் படுகிறது. முதல் நாள் மாலை குடும்பத்தோடு பேசி, அவர்கள் காட்டும் இடத்தில் நின்று, மறுநாள் விடியலில் எடுப்பதே சரி. ஃபிளாஷ் கூடாது. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 3200க்கு ஏற்றிக்கொண்டால் விளக்கு வெளிச்சமே போதும். பூஜைக்கான இடம் வருஷத்துக்கு வருஷம் மாறும், சில கரைகளில் தற்காலிகத் தொட்டி கட்டிவிடுவார்கள். அதனால் வாரம் முன்பே போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஜக்கூரில் எனக்குள்ள தயக்கம் ஒன்றே ஒன்று. கரையைச் சுற்றி அடுக்குமாடிகள் உயர்ந்துகொண்டே போகின்றன. நடைக்காரர்களுக்கும் மாடு ஓட்டி வருபவர்களுக்கும் இடையே உரசல் வருவதைக் காதால் கேட்டிருக்கிறேன். ஏரி அழகானதும் அதை அழகாக வைத்திருந்த வேலைகள் ஓரம் தள்ளப்படுவது இந்த ஊரில் பல கரைகளில் நடந்தது. ஒரு வருஷத் தொகுப்பு எடுக்கிறவர் அந்த வேலைகளைப் பெயரோடு, முகத்தோடு பதிவு செய்தால் அது வெறும் ஆல்பமாக நிற்காது. அடுத்த முறை ஏரிக் கூட்டத்தில் யாராவது "இங்கே புல் அறுப்பவர்கள் யாரும் கிடையாது" என்று சொன்னால் மேஜைமேல் வைக்க ஒரு சான்று இருக்கும்.

ஹெப்பாள், சாங்கி, பெள்ளந்தூர்

ஹெப்பாளைப் பறவைக்காக மட்டும் தேர்ந்தெடுக்கலாம். பெங்களூரை நிறுவிய கெம்பேகௌடா காலத்தில், 1537இல் உருவானதாகச் சொல்லப்படும் ஏரி, 75 ஹெக்டேர். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நீலச்சிறகி போன்ற வலசை வாத்துகள், வருஷம் முழுக்க தாழைக்கோழி, நாமக்கோழி, செம்பருந்து. பறவை எடுக்க 400 மில்லிமீட்டராவது வேண்டும், பொறுமை அதைவிட அதிகம் வேண்டும். மனித வாழ்க்கை என்று பார்த்தால், மேம்பாலத்து இரைச்சலுக்கும் வேலிக்கும் நடுவே அது கரையை விட்டுப் போய்விட்டது. வரலாற்றுப் பித்து உள்ளவர்களுக்கு ஒரு கொசுறு: இதே ஹெப்பாளில் 2018இல் கண்டெடுத்த கிட்டய்யா வீரக்கல் கி.பி. 750 வாக்கில் பொறித்தது, பெங்களூரில் கிடைத்த மிகப் பழைய கன்னடக் கல்வெட்டு. ஏரியை எடுக்கப் போகும் நாளில் அந்தக் கல்லையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

சாங்கி டேங்க் 1882இல் கர்னல் சாங்கி கட்டியது. 37 ஏக்கர், சீரான கல்கட்டுக் கரை, நல்ல மரங்கள், நிழல். கேமராவைக் கற்றுக்கொள்ள அருமையான இடம். பிரதிபலிப்பு, பேனிங் (ஓடுகிறவரோடு கேமராவையும் நகர்த்தி எடுப்பது), நிழலுருவம் எல்லாம் இரண்டு காலையில் கைவரும். அதற்குப் பிறகு உங்களுக்குக் கொடுக்க அதனிடம் அதிகம் இல்லை.

பெள்ளந்தூரைப் பற்றி அக்கா மகள் தனியாகக் கேட்டாள், கழிவுநீரில் பொங்கிய நுரையையும் தீயையும் இணையத்தில் பார்த்துவிட்டு. 2015இலும் 2017இலும் 2018இலும் அந்த ஏரி தீப்பற்றியது. இந்த ஊரின் மிகப் பெரிய ஏரி, அல்சூர்த் தண்ணீரும் கடைசியில் அங்கேதான் போகிறது. அங்கிருந்து வர்த்தூர், பிறகு தென்பெண்ணை, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கிருஷ்ணகிரி, கடைசியில் கடலூர். ஜக்கூர்த் தண்ணீரும் வேறு வழியாகச் சுற்றி அதே தென்பெண்ணையில்தான் சேர்கிறது. கெலவரப்பள்ளியில் நுரை பொங்கியபோது தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் படம் போட்டன. அந்த நுரை கிளம்பிய இடத்தில் நாம் குடியிருக்கிறோம். இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஆனால் முதல் வருஷத்து மாணவிக்கு நான் பெள்ளந்தூரைச் சொல்லமாட்டேன். அழிவை எடுக்க முதலில் ஒரு ஏரி உயிரோடு இருப்பதைப் பன்னிரண்டு மாதம் பார்த்திருக்க வேண்டும். பார்த்த பிறகு ஒரே நீரோட்டத்தைப் பிடித்துக்கொண்டு அல்சூரிலிருந்து கெலவரப்பள்ளி வரை போகலாம். அது இரண்டாவது வருஷத்து வேலை.

சர்ஜாபூர் ரோட்டுப் பக்கம் இருப்பவர்கள் இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கைகொண்டரஹள்ளி ஏரிக்குப் போங்கள். 48 ஏக்கர்தான், ஆனால் சுற்றியிருக்கும் ஜனங்கள் மாநகராட்சியோடு சேர்ந்து மீட்டெடுத்த ஏரி. அக்கறையோடு பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கும் கரையில் பேச்சுத் துணைக்குப் பஞ்சமில்லை.

பல ஏரிகளா, ஒரே ஏரியா?

மாதம் ஒரு ஏரி என்று பன்னிரண்டு ஏரி எடுக்கலாமே என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். படங்கள் பலதரப்பட்டதாக இருக்கும், அலுக்காது, கண்காட்சிக்கு நன்றாக இருக்கும். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பன்னிரண்டிலும் நீங்கள் முதல் நாள் விருந்தாளிதான். மீன்காரர் உங்களைப் பார்த்ததும் சிரித்து நிமிர்ந்து நிற்பார், கேமராவுக்கு நிற்பது போல. ஆறாவது வாரம் அவர் நிமிரமாட்டார், வலையைப் பார்ப்பார். எனக்கு அந்த ஆறாவது வாரத்துப் படம் வேண்டும். அது ஒரே ஏரிக்குப் போனால்தான் கிடைக்கும்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவளிடம் கேமராவோடு வந்த லென்ஸ் போதும். கூட ஒரு 50 அல்லது 35 மில்லிமீட்டர், பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. பல ஏரிகளில் கேட்டைக் காலையும் மாலையும் மட்டும் திறப்பார்கள், பெரிய கேமராவைக் கண்டால் காவலாளி அனுமதி கேட்பார். ஒரு ஏரியில் என்னை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மல்லுக்கட்டாமல் போனில் எடுத்துவிட்டு வந்தேன், அந்தப் படங்களும் நன்றாகவே இருந்தன. மாதம் ஒருமுறை பிரிண்ட் போடுவதற்கு என்று கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். ஒரு படத்துக்கு ஒரு டீக்காசுதான் ஆகும்.

எல்லாம் கூட்டிக் கழித்து அவளுக்கு நான் சொன்னது இது. ஜக்கூர். வீட்டிலிருந்து பக்கம், வருஷம் பூரா தண்ணீர், வருஷம் பூரா வேலை. ஆடிக் கிருத்திகை, பிள்ளையார் கரைக்கும் இரண்டு நாள், தை மாதம் வள்ளுவர் நாள், இந்த நாலு நாளும் அல்சூருக்கு வந்துவிட வேண்டும், காலைச் சாப்பாடு நம் வீட்டில்.

"உங்க ஏரியை நீங்களே விட்டுக்கொடுத்துட்டீங்களே மாமா" என்றாள்.

"நான் காக்ஸ் டவுன்ல இருக்கேன் கண்ணு, அதனால அது என் ஏரி. நீ தணிசந்திரால இருக்கே" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாக இருவரும் போனோம். சதுப்போரம் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் அவள் தன் உடைந்த கன்னடத்தில் கேட்டு, இரண்டே இரண்டு படம் எடுத்தாள். இந்த ஞாயிறு அதில் ஒன்றைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனாள். அவர் அரிவாளைக் கீழே வைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார், "நன்ன ஹசு எல்லி?" என் மாடு எங்கே என்று.

சாயங்காலம் நாலரைக்குப் பால் கறப்பாராம். வீடு எங்கே என்று கையைக் காட்டிச் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை போகிறாள்.